சாமியும் நிப்பாரு, நடந்து வாரவனும் நிப்பான்: மண்டபம் எதுக்கு?

தம்பி, உங்க கேள்விய ஒருக்க நானே திருப்பிச் சொல்லிக்கிடுதேன், மத்தவங்களும் படிப்பாவல்லா. ஆர்க்கிடெக்சர் மொத வருசம் படிக்கிய, 'பெவிலியன்' பத்தி எழுதிட்டு வரச் சொல்லிருக்காவ, அகராதியத் தொறந்தா மண்டபம்னு போட்டிருக்கு. போன மாசம் திருநெல்வேலி வந்தப்போ தாமிரபரணி ஆத்தோரமா ஒரு கல் மண்டபத்தப் பாத்திய, உள்ள சாமி இல்ல, சுவரு இல்ல, கதவும் இல்ல, யாரோ துணி காயப்போட்டிருந்தாவ. இவ்வளவு கல்ல அடுக்கி இத எதுக்குக் கட்டுனாங்க, இதனால என்ன பிரயோஜனம்னு கேட்டிருக்கிய.

நான் கோயில் திருப்பணி வேலையில சைட் சூப்பர்வைசரா இருபது வருசத்துக்கு மேல நின்னவன், ஒவ்வொரு தூணா அளந்து, சாஞ்சத நிமித்தி, கூரையா மேல படுக்கப் போட்டிருக்குற பாவுகல்ல எறக்கி திரும்ப ஏத்துற வேலை. மண்டபம்னா எனக்குப் பேச நெறைய இருக்கு, கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கிடுங்க.

மொதல்ல பேரு. பெவிலியன்கிறது பிரெஞ்சு வழியா லத்தீன்ல இருந்து வந்த சொல்லு, அங்க 'பாப்பிலியோ'ன்னா பட்டாம்பூச்சி. ராஜாக்கமாரு போருக்கும் வேட்டைக்கும் போற எடத்துல அடிக்கிற பெரிய கூடாரம் ரெண்டு பக்கமும் விரிஞ்சு நிக்கிறதப் பாத்து றெக்கை மாதிரி இருக்குன்னு அந்தப் பேர வச்சிருக்காவ. பிற்பாடு தோட்டத்து நடுவுல இருக்குற சின்னக் கட்டடம், கிரிக்கெட்ல ஆட்டக்காரங்க உக்காருற எடம் (நம்ம பேப்பர்லயே 'பெவிலியன் திரும்பினார்'னுதான போடுதான்), பொருட்காட்சில ஒவ்வொரு நாடும் போடுற கட்டடம்னு அந்தப் பேரு பரவிப்போச்சு. உங்க கிளாஸ்ல கண்டிப்பா பார்சிலோனா பெவிலியன் வரும், 1929ல ஜெர்மனிக்காக மீஸ் வான் டெர் ரோ கட்டுனது, பொருட்காட்சி முடிஞ்சதும் அடுத்த வருசமே பிரிச்சுட்டாவ, 1986ல அதே எடத்துல திரும்பக் கட்டுனாவ. அதாவது பெவிலியனோட ரத்தத்துலயே கூடாரம் இருக்கு, விரிக்கிறது, சுருட்டுறது.

அப்படிப் பாத்தா அதுக்கு நம்ம ஊர்ல நேரான சொந்தம் பந்தல். கல்யாணத்துக்கு, கொடைக்கு, சாவுக்குன்னு வாசல்ல ஒரு நாள்ல எழும்பி ரெண்டு நாள்ல காணாமப் போறது. மண்டபம்கிறது அந்தப் பந்தல் கல்லா மாறி நெலைச்சுப் போனது. இது நானா சொல்லுத கற்பனை இல்ல, கொடுங்கைய அண்ணாந்து பாருங்க, கூரை ஓரமா வளைஞ்சு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும்லா அதுதான் கொடுங்கை, நல்ல வேலைப்பாடா செஞ்ச எடத்துல அதோட அடிப்பக்கம் மரக்கை, சட்டம், ஆணித்தலை மொதக்கொண்டு செதுக்கிருப்பாவ. கல்லுக்கு எதுக்கு ஆணி? மரத்துல செஞ்சு பழகுன கை கல்லுல செஞ்சப்போவும் அதை விடல, அவ்வளவுதான்.

மண்டபம் வடமொழிச் சொல்லுன்னு அகராதி சொல்லும். ஆனா அந்த எடம் நமக்குப் புதுசு இல்ல. மன்றம், அம்பலம், பொதியில்னு பழைய பேரு இருக்கு. திருமுருகாற்றுப்படைல முருகன் இருக்குற எடத்தச் சொல்லிக்கிட்டே வரும்போது 'மன்றமும் பொதியிலும்'னு வருது. பொது, இல், ரெண்டும் சேந்தா பொதியில், ஊருக்குப் பொதுவான வீடு. எங்க ஆறு பொறக்குற பொதிகை மலைக்கும் சங்கப் பாட்டுல பொதியில்னுதான் பேரு. மலைப்பேருக்கு வேற வேற விளக்கமும் சொல்லுவாவ, அதுல நான் போகல, எனக்கு அந்த ஒரே பேரு ரெண்டுத்துக்கும் இருக்குறது ரொம்பப் பிடிக்கும். மண்டபம்கிற சொல்லும் ஒண்ணும் நேத்து வந்தது இல்ல. சிலப்பதிகாரத்துல புகார் நகரத்துல மகத ராஜா குடுத்த பட்டிமண்டபம் இருந்ததா வருது, மணிமேகலைல படிச்சவங்க அந்தப் பட்டிமண்டபம் ஏறி வாதம் பண்ணச் சொல்லி முரசு அறையுதான். பொங்கலுக்கு டிவில பாக்குற பட்டிமன்றத்துக்கு மூலம் அதுதான்.

இப்ப நீங்க கேட்ட 'எதுக்கு'. நான் பாத்த வரைக்கும் ஒரே வரியில சொல்லணும்னா மண்டபம் நிக்கிறதுக்கான எடம். வீடு இருக்குறதுக்கு, கருவறை சாமிக்கு, கோட்டை காவலுக்கு. மண்டபம் வந்து போற வழியில கொஞ்ச நேரம் நிக்க, எறக்கி வைக்க, மூச்சு வாங்க. இத எங்க ஊர்ல ஒரு சொல்லே காட்டிக்குடுக்கும், மண்டகப்படி. மண்டபத்தை எங்காளுங்க மண்டகம்னுதான் சொல்லுவாவ. திருவிழால சாமி சப்பரத்துலயோ வாகனத்துலயோ வெளிய வந்தா நேரா ஒரு சுத்து சுத்திட்டு உள்ள போயிராது, அங்கங்க மண்டபத்துல எறங்கும், அன்னைக்கு அபிஷேகம், அலங்காரம், நைவேத்தியம், சுண்டல், மேளம் எல்லாச் செலவும் ஒரு குடும்பமோ ஒரு தெருவோ ஒரு தொழில்காரங்களோ ஏத்துக்கிடுவாவ, அதுதான் மண்டகப்படி. 'மூணாந்திருநாள் எங்க மண்டகப்படி'ன்னு சொல்லும்போது அந்த மனுசன் மொகத்தப் பாக்கணும் நீங்க. பத்து நாள் திருவிழால ஒரு நாள் சாமி எங்க வீட்டு விருந்தாளின்னு அர்த்தம், அந்த விருந்துக்கு உக்கார எடம் மண்டபம். (அதே சொல்ல எங்க பக்கம் திட்டு வாங்குறதுக்கும் சொல்லுவாவ, நல்ல மண்டகப்படி கெடச்சுதுன்னு, அது வேற.)

டவுன்ல காட்சி மண்டபம்னு ஒரு ஸ்டாப் இருக்கு, தெனம் எவ்வளவோ பேரு அங்க எறங்கிப் போறாவ, பேரு எப்படி வந்துச்சுன்னு நின்னு யோசிக்க நேரமில்ல. ஐப்பசில காந்திமதி அம்பாள் தவசு இருந்து, அவளுக்கு நெல்லையப்பர் காட்சி குடுக்குறது அங்கதான், அதுக்குப் பொறவுதான் திருக்கல்யாணம். சங்கரன்கோவில் ஆடித்தபசும் அப்படித்தான், கோமதி அம்பாள் தபசு மண்டபத்துல வந்து இருப்பா, சாமி தேடி வந்து சங்கரநாராயணரா காட்சி குடுப்பாரு, அந்த நேரம் வயல்ல வெளஞ்ச பருத்தி, வத்தல், நெல்லுன்னு ஜனங்க கையில இருக்கறத எறியுவாவ. ரெண்டு எடத்துலயும் கவனிங்க, கத நடக்குறது கருவறைக்குள்ள இல்ல, தெருவுல, ஒரு மண்டபத்து முன்னால, கோயிலுக்குள்ளயே போகாதவனும் பாக்குற எடத்துல.

கோயிலுக்குள்ள வந்தாலும் இதே கணக்குதான். கருவறைக்கு முன்னால அர்த்த மண்டபம், அதுக்கு முன்னால மகா மண்டபம்னு வரிசையா வரும், அது எல்லாப் புஸ்தகத்துலயும் படம் போட்டு இருக்கும், நீங்களே பாத்துக்கிடலாம். எனக்கு முக்கியமா தோணுறது மத்த மண்டபங்கள், அதுக்கெல்லாம் பேரு தூணை வச்சோ இல்ல அங்க நடக்குற வேலைய வச்சோதான் வரும். நாலுகால், பதினாறுகால், நூத்துக்கால், ஆயிரங்கால், இது தூணு கணக்கு. ஊஞ்சல், வசந்தம், திருக்கல்யாணம், சோமவாரம், இது வேலைக் கணக்கு. நெல்லையப்பர் கோயில்ல மட்டும் ஒரு நாள் முழுக்கச் சுத்தலாம். சாமி கோயிலயும் அம்பாள் கோயிலயும் சேக்குற சங்கிலி மண்டபம் 1647ல வடமலையப்ப பிள்ளையன் கட்டுனது, ரெண்டு தனிக் கோயில ஒரு நடை இணைக்கிறதால அந்தப் பேரு. ஊஞ்சல் மண்டபத்துல 96 தூணு, சைவ சித்தாந்தத்துல சொல்லுத 96 தத்துவத்துக்கு ஒண்ணுன்னு கணக்கு. ஆயிரங்கால் மண்டபம் 520 அடி நீளம், 63 அடி அகலம், திருக்கல்யாணம் அங்கதான். நடராஜருக்கு தாமிர சபை, அவரு ஆடுனதா சொல்லுத அஞ்சு சபையில ஒண்ணு. குத்தாலத்துல சித்திர சபை, அதுவும் அஞ்சுல ஒண்ணு, அங்க நடராஜர் சிலையா இல்ல, சுவத்துல வரஞ்ச ஓவியமா இருக்காரு. சாமி சன்னதி முன்னால மணி மண்டபத்துல இசைத்தூண், ஒரே கல்லுல நடுத்தூணு, அத சுத்தி சின்னச் சின்னத் தூணா செதுக்கி ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு சத்தம் வரும். தயவுசெஞ்சு கல்லாலயோ சாவியாலயோ தட்டிப் பாக்காதிய, தட்டித் தட்டியே எத்தன எடத்துல தேஞ்சு போயிருக்குன்னு பாத்தா வயிறு எரியும்.

வசந்த மண்டபத்தப் பத்தி உங்க மாதிரி ஆளுங்க தனியா ஒரு கட்டுரையே எழுதலாம். சித்திரை வைகாசி அக்னி வெயில்ல சாமிக்கு வசந்த உற்சவம், அந்த மண்டபத்த நாலு பக்கமும் தோட்டம் சூழ வைப்பாவ, பல கோயில்ல மேடைய சுத்தி அகழி மாதிரி வாய்க்கால் வெட்டித் தண்ணி கட்டுவாவ, காத்து அந்தத் தண்ணி மேல ஏறி செடிக்குள்ள பூந்து உள்ள வரும்போது ஆறிப்போய் வரும். நெல்லையப்பர் கோயில் நந்தவனம் 1756ல போட்டது, அதுக்கு நடுவுல நூறு தூணு வசந்த மண்டபம். மே மாசம் மத்தியானம் ரத வீதில நடந்துட்டு உள்ள வந்து நில்லுங்க, உங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கல்லு ராத்திரி பூரா குளிந்து அத பகல்ல மெதுவா விட்டுக்கிட்டே இருக்கும், மேல கூரைல வெயில் உள்ள எறங்குறதுக்குள்ள சாயங்காலம் ஆயிரும்.

சரி, எதுக்கு இத்தன தூணுன்னு கேப்பிய. அழகுக்குன்னு நெனைக்காதிய. கருங்கல்லு மேல எவ்வளவு பாரம் வச்சாலும் தாங்கும், அமுக்குனா நசுங்காது. ஆனா ரெண்டு முனைய மட்டும் தாங்கிப் படுக்கப் போட்டா அதோட அடிப்பக்கம் இழுபடும், அந்த இழுவைக்கு கல்லு ரொம்ப வீக், அமுக்குறதத் தாங்குறதுல பத்துல ஒரு பங்கு கூடத் தேறாது. கான்கிரீட்ல அதுக்குத்தான் கம்பி போடுதோம். கல்லுக்குள்ள கம்பி போட முடியாது, அதனால பாவுகல்லு எட்டு அடி பத்து அடிக்கு மேல நீட்ட பயப்படுவாவ, தூணும் தூணும் நெருங்கி நிக்கணும், பெரிய மண்டபம் வேணும்னா தூண்காடுதான் ஒரே வழி. அந்த இடைவெளியக் கூட்டத்தான் போதிகை. தூணு தலையில கை விரிச்ச மாதிரி நாலு பக்கமும் நீட்டிக்கிட்டு இருக்கும்லா, அது நீட்டுற அளவுக்கு, தூணுக்குத் தூணு குறுக்க போற உத்தரம் தாங்கல் இல்லாம தாண்டுற தூரம் கொறையும். போதிகையப் பாத்தே காலம் சொல்லலாம், சோழர் காலத்துல சரிவா வெட்டி நடுவுல ஒரு துண்டு நீட்டி விட்டிருப்பாவ, பிற்காலப் பாண்டியர், நாயக்கர் காலத்துல வாழைப்பூ கவுந்த மாதிரி மொட்டு தொங்கும். தூணு ஒடம்புல சதுரம், கட்டு, சதுரம், கட்டுன்னு மாறி மாறி வரும், கட்டுன்னா எட்டுப்பட்டையோ பதினாறு பட்டையோ, சதுரத்தோட மூலையில பாம்பு படம் எடுத்த மாதிரி சின்னதா நாகபந்தம். இந்த நாலு சொல்லயும் கத்துக்கிட்டு எந்தக் கோயிலுக்குள்ள போனாலும் உங்களுக்குப் படிக்கத் தெரிஞ்ச மாதிரி இருக்கும். நாயக்கர் வேலை எதுவரைக்கும் போச்சுன்னு பாக்கணும்னா பாளையங்கோட்டைல இருந்து திருச்செந்தூர் ரோட்டுல கிருஷ்ணாபுரம் போங்க, ராஜா மகளத் தோள்ல தூக்கிட்டு ஓடுற குறவனும், கையில நாகாஸ்திரத்தோட கர்ணனும் தூணோட சேந்து ஒரே கல்லுல நிக்காவ, பாரம் தாங்குற தூணுதான் அது, அந்த பாரத்துக்கு நடுவுலதான் நரம்பு தெரியுத கையும் காலும்.

இப்ப உங்க ஆத்து மண்டபத்துக்கு வாரேன். தாமிரபரணிப் படித்துறைகள்ல இருக்குற மண்டபம் பலதும் தீர்த்தவாரிக்கு, சாமிய ஆத்துக்குக் கொண்டு வந்து நீராட்டுறதுக்கு. தைப்பூசத்துக்கு நெல்லையப்பரும் அம்பாளும் டவுன்ல இருந்து ஆத்துக்கு வருவாவ, அதுக்குன்னே ஜங்ஷன் கைலாசபுரம் பக்கம் தைப்பூச மண்டபம். வருசத்துல சாமிக்கு ஒரு நாள். மீதி நாள் பூரா யாருக்குன்னு நெனைக்கிய? குளிக்க வாரவனுக்கு, துணி தொவைக்கவளுக்கு, திதி குடுக்க வாரவனுக்கு, படிக்க எடம் இல்லாத பிள்ளைக்கு. நீங்க பாத்த அந்தத் துணி இருக்குல்லா, அது மண்டபத்துக்கு அவமரியாதை இல்ல தம்பி, அதுக்கும் சேத்துத்தான் அது நிக்குது.

சுவரு இல்லாததுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, இதத்தான் இஞ்சினியருங்க கவனிக்கணும். 1992 நவம்பர் வெள்ளம் நான் கண்ணால பாத்தது, 2023 டிசம்பர் 17, 18 ரெண்டு நாளும் எல்லாரும் பாத்தது. தைப்பூச மண்டபம் கூரை வரைக்கும் முங்கிப் போச்சு. தண்ணி வடிஞ்சதும் சகதியும் வைக்கோலும் தூணச் சுத்திக்கிட்டு இருந்துச்சு, மண்டபம் அப்படியே நின்னுச்சு. சுவரு இருந்திருந்தா ஆறு பூரா பலத்தையும் அது மேல காட்டிருக்கும். தூணுக்கு நடுவுல வழி விட்டதால தண்ணி பாட்டுக்கு போயிருச்சு, மேல பாவுகல்லோட கனம் தூண அசைய விடாம அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு. குறுக்குத்துறை முருகன் கோயிலும் ஆத்துக்குள்ளதான இருக்கு, வெள்ளம் வாரதுன்னு தெரிஞ்சா உற்சவரையும் சாமானையும் மேலக்கோயிலுக்கு எடுத்துட்டுப் போயிருவாவ, மூலவரு அங்கனயே இருப்பாரு, தண்ணி எறங்குனதும் சகதிய கழுவிட்டு திரும்ப பூசை. ஆத்தோட சண்ட போடாம கட்டுனது, அதனாலதான் இத்தன வெள்ளம் பாத்து நிக்கிது.

ரோட்டு மண்டபம் இன்னொரு வகை. திருநெல்வேலில இருந்து திருச்செந்தூர் அறுவது கிலோமீட்டர் கிட்ட, தைப்பூசம், வைகாசி விசாகம்னு இன்னைக்கும் ஜனங்க நடக்காவ, செய்துங்கநல்லூர், கருங்குளம், ஆழ்வார்திருநகரின்னு. அந்தக் காலத்துல நடக்குறவனுக்கு நெழலும், ராத்திரி தலை சாய்க்க எடமும் இந்தக் கல் மண்டபங்கதான், பக்கத்துல ஒரு கிணறு, ஒரு சுமைதாங்கி. சுமைதாங்கின்னா ரெண்டு கல்ல நட்டு மேல ஒரு கல்லப் படுக்கப் போட்டது, தலைச்சுமைய யாரு தொணையும் இல்லாம எறக்கி வைக்க. கர்ப்பமா இருக்கும்போதே செத்துப்போன பொம்பளைக்காக அவ வீட்டாளுக நட்டு வைப்பாவ, அவ எறக்க முடியாம போன சுமைக்காக. நாலுகால் மண்டபத்தோட தம்பிதான் அது. கட்டபொம்மன் திருச்செந்தூர் உச்சிகால பூசை முடிஞ்ச பொறவுதான் சாப்பிடுவாரு, அதுக்காக அங்க இருந்து பாஞ்சாலங்குறிச்சி வரைக்கும் மண்டபம் மண்டபமா கட்டி மணி தொங்கவிட்டு ஒண்ணு அடிச்சா அடுத்ததுல கேட்டு அடிப்பாவன்னு எங்க பக்கம் வழிவழியா சொல்லுவாவ.

மணி மண்டபம்னு இப்ப நாம சொல்லுதது வேற, நெனைவுக் கட்டடம். எட்டயபுரத்துல பாரதி மணிமண்டபம், 1945ல அடிக்கல், 1947ல திறப்பு, ரெண்டுமே ராஜாஜி. மண்டபம் இந்துக் கோயிலுக்கு மட்டும்னும் நெனைச்சுராதிய, காயல்பட்டினம் போனா பழைய பள்ளிவாசல் உள்ள கல்தூணு, போதிகை எல்லாம் நம்ம மண்டபம்தான், உருவம் மட்டும் இருக்காது, பூவும் கொடியும் இருக்கும். கல்யாண மண்டபம் உங்களுக்கே தெரியும், வாசல்ல பந்தக்கால் நட்டு நடந்த கல்யாணம் அங்க குடிபோச்சு, ஆனா இன்னைக்கும் மண்டபத்துக்குப் போறதுக்கு முந்தி வீட்டு வாசல்ல ஒரு கால் நட்டுட்டுத்தான் போறாவ.

என் மனசுல கெடக்குற ஒண்ணையும் சொல்லிருதேன். பேரு வேண்டாம், எங்க பக்கத்து ஊர் ஒண்ணுல ரோட்டோரம் ஒரு பதினாறுகால் மண்டபம், நான் சின்னப் பையனா இருக்கும்போது எங்க ஆச்சியோட நடந்து வந்து அங்க உக்காந்து கட்டுச்சோறு தின்னுருக்கேன். பத்து வருசம் முந்தி போனா தூணுக்கு நடுவுல எல்லாம் செங்கல் வச்சுக் கட்டி, சிமெண்ட் பூசி, பெயிண்ட் அடிச்சு, முன்னால கிரில் கேட்டு, பூட்டு. பாதுகாப்புக்காம். உள்ள சேரும் பாத்திரமும் அடுக்கிருக்கு. ஒரு வயசான அம்மா அந்த கேட்டுக்கு வெளிய, வெயில்ல, படியில உக்காந்திருந்தா. சிமெண்ட் பூசுனதால கல்லுக்குள்ள எறங்குற ஈரம் வெளிய வர வழியில்லாம தூணு அடி பொரிஞ்சு உதிருது, அதையும் பாத்துட்டுத்தான் வந்தேன். பழைய மண்டபத்த காப்பாத்த பெரிய செலவு வேண்டாம் தம்பி, கூரை மேல மொளைக்கிற ஆலஞ்செடி அரசஞ்செடிய விரல் தண்டியா இருக்கும்போதே புடுங்கணும், தண்ணி போற தூம்ப அடைக்காம வச்சுக்கிடணும், ஒழுகுனா சிமெண்ட் போடாம சுண்ணாம்பும் செங்கல் சல்லியும் போட்டு தட்டோடு பாவணும், சிலைல மண்ண பீச்சி அடிச்சு 'கிளீன்' பண்ணாம இருக்கணும். தென்காசி கோயிலக் கட்டுன பராக்கிரம பாண்டியன் பதினஞ்சாம் நூற்றாண்டுலயே கல்லுல வெட்டி வச்சிருக்கான், இந்தக் கோயில்ல ஏதாவது கொறை வந்தா அத சரி பண்ணிக் காக்குறவங்க காலுல நான் விழுதேன்னு. ராஜா சொன்னது. அந்தக் கல்வெட்டப் படிச்ச அன்னைக்கு எனக்கு வேலையில நிக்கவே வேற மாதிரி இருந்துச்சு.

அசைன்மெண்டுக்கு ஒரு யோசனை. திரும்ப வாங்க, தைப்பூசத்து அன்னைக்கு ஒருக்க, சாதா நாள்ல ஒருக்க, அதே ஆத்து மண்டபத்துக்கு. டேப் எடுத்துட்டு வந்து தூணுக்குத் தூணு எத்தன அடி, போதிகை எவ்வளவு நீட்டுது, தரையில இருந்து பாவுகல்லு எத்தன அடின்னு அளந்து பிளான் போடுங்க. காலைல ஆறு மணில இருந்து ராத்திரி வரைக்கும் யாரு யாரு வந்து உக்காருதாவ, எவ்வளவு நேரம், எந்தத் தூணுல சாஞ்சு உக்காருதாவன்னு அதே பிளான்ல குறிச்சுக்கிடுங்க. சாயங்காலம் வெயில் எறங்குனதும் கிழக்குப் பக்கத்துத் தூணுகள அடியில தடவிப் பாருங்க, முதுகு சாஞ்சு சாஞ்சு வழுவழுன்னு இருக்கும்.